அண்ணனின் பென் டிரைவ்களும் ஒரு கட்டிங் பிளேயரும்

மாம்பலத்தில் அண்ணன் நடத்திவந்த வரிக் கணக்கு அலுவலகத்தை மூடியபோது மேசை நாற்காலியெல்லாம் சுலபமாகப் போய்விட்டன. மிஞ்சியது ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே பென் டிரைவ்கள், மெமரி கார்டுகள், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க். "எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிட்டேன், ரிச்சி தெருவில் தள்ளிவிட்டு வா" என்றார். சென்னையில் மின்னணுச் சாமான்கள் வாங்கி விற்கும் தெரு அது.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் செய்தது குவிக் ஃபார்மட். அது கோப்புகளின் அட்டவணையைத்தான் புதுப்பிக்கும். கோப்புகள் இருந்த இடத்திலேயே கிடக்கும். வாயால் சொன்னால் அண்ணன் நம்பமாட்டார். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை அவர் கண்ணெதிரே ஒரு பென் டிரைவில் ஓட்டினேன். பெயர்கள் தொலைந்து, 'எஃப்' எழுத்தும் நீள எண்ணுமாகக் கோப்புகள் வந்து விழுந்தன. ஒன்றைத் திறந்தால் ஒரு வாடிக்கையாளரின் பான் கார்டு. சற்றே சாய்ந்த நகல், ஓரத்தில் கட்டைவிரல். அண்ணன் எழுந்து காபி போடப் போய்விட்டார்.

ஹார்டு டிஸ்க்குக்கு நேரம்தான் பிடிக்கும். லினக்ஸில் 'டிடி' கட்டளையால் முழுவதும் பூஜ்யங்களை எழுதவைத்தேன். எண்டரைத் தட்டுமுன் எந்த டிஸ்க் என்று கொள்ளளவை வைத்துச் சரிபார்த்துவிட வேண்டும், 'நிச்சயமா?' என்றெல்லாம் டிடி கேட்காது. பழைய லேப்டாப், யூஎஸ்பி 2 என்பதால் இரவு முழுக்க ஓடியது. நடுவில் மின்சாரம் போனபோது பேட்டரி காப்பாற்றியது. 35 முறை மேலெழுத வேண்டும் என்று இன்னும் சொல்கிறார்கள். அது 1996-இல் பீட்டர் குட்மன் என்ற கணினி ஆய்வாளர் அன்றைய டிஸ்க்குகளை வைத்து எழுதியது. இன்றைய டிஸ்க்குக்கு ஒரு முறை போதும். காலையில் மறுபடி ஃபோட்டோரெக்கை ஓட்டினேன், ஒரு கோப்பும் சிக்கவில்லை. ரிச்சி தெருவில் அது சொற்ப விலைக்குப் போயிற்று.

பென் டிரைவ் வேறு ரகம். தகவலைத் தாங்கும் நுண்ணிய செல்கள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, உள்ளிருந்து எல்லாவற்றையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலர் எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நாம் மேலெழுதினாலும் பழைய நகல் நமக்கு எட்டாத உபரிப் பகுதியில் தங்கிவிடலாம். பாட்டும் படமும் இருந்தவற்றை மேலெழுதி அக்கா பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஆதாரும் வங்கிக் கணக்கும் இருந்தவற்றை உடைத்துவிடுவதே சரி என்று பட்டது. யூஎஸ்பி முனையை வளைத்தால் போதாது. கூட்டைப் பிளந்து தகவல் இருக்கும் கறுப்புச் சிப்பையே நொறுக்க வேண்டும். மைக்ரோ எஸ்டி கார்டைக் கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக வெட்டினோம். தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். இந்த வேலையில் அண்ணனுக்கு அலாதி உற்சாகம். துண்டுகள் மின்கழிவுக்குப் போயின.

இப்போது அவரிடம் இருப்பது விண்டோஸின் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரே பென் டிரைவ். விண்டோஸ் ஹோம் பதிப்பில் அதைத் திறக்கலாமே தவிரப் புதிதாகப் பூட்ட முடியாது, அண்ணனுடையது புரோ. ஹோம் வைத்திருப்பவர்களுக்கு அதே வேலையைச் செய்யும் வெராகிரிப்ட் மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. கடவுச்சொல் மறந்தால் கைகொடுக்கும் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் வேறொரு பென் டிரைவ்; அதில் அச்சிட வேண்டிய கோப்பைத் தவிர எதுவும் இருக்காது. வேலை முடிந்ததும், கடைக் கணினியில் எடுத்த நகலை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லி அண்ணன் அங்கேயே நிற்கிறார். கடைக்காரருக்கு எரிச்சல்தான்.