குரலும் குறளும்

தமிழ் மாஸ்டர் போன மாதம் காலமான செய்தியைத் தொலைபேசியில் சொன்ன நண்பன், அந்தத் துக்கத்திலும் என்னைக் 'குறள்' என்றே கூப்பிட்டான். எங்கள் வகுப்பாருக்குக் காரணம் தெரியும். தம்பிமாருக்காகச் சொல்கிறேன்.

1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். நான் எட்டாம் வகுப்பு. அவர் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தவர், ஆகவே எங்கள் நாட்டவர் என்று சிவாஜி கட்சிக்காரரோடு மல்லுக்கட்டிய காலம். ஆனால் எனக்கு அது மட்டும் அல்ல. சிறு வயதிலேயே தகப்பனை இழந்து தாயால் வளர்க்கப்பட்டவர் அவர். என் வீட்டிலும் ஐயாவின் படத்துக்கு மாலைதான். யாழ்ப்பாணம் வின்சர் தியேட்டரின் இருட்டில் அவர் "அம்மா" என்று அழைக்கும்போது எனக்கு யாரோ தைரியம் சொல்வதுபோல இருக்கும். இதை அன்று எவரிடமும் சொல்லவில்லை.

குண்டு கழுத்தில் பாய்ந்ததாம். தமிழ்ப் பாட நேரத்தில், கொப்பியின் கடைசி ஒற்றையில் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"வாங்கில் ஏறி நின்று வாசியும்."

வாசித்தேன். பிறகு அவர் வாங்கிப் பார்த்தார். "'உங்கள் குறள் திரும்பக் கிடைக்க வேண்டும்.' எந்தக் குறள் தம்பி? 1330இல் எதைத் தொலைத்தாராம்?"

வகுப்பே உருண்டது. சிவப்பு மையில் 14 பிழைகள். "திருத்தி எழுதிக் கொண்டுவாரும். நோயாளிக்குப் பிழையோடு எழுதக் கூடாது." நான் கொண்டுபோகவேயில்லை, அவரும் கேட்கவில்லை. எம்.ஜி.ஆரின் குரலும் பழையபடி திரும்பவில்லை.

1984இல் கனடாவுக்கு வந்தேன். 1987 டிசம்பர் 24ஆம் தேதி அவர் மறைந்தபோது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நனைந்த கையோடு நின்று அழுதவனை முதலாளி விசித்திரமாகப் பார்த்தார். யார் இறந்தது என்று கேட்டார். ஒரு நடிகர் என்று எப்படிச் சொல்வது? உறவினர் என்றேன்.

இந்திய இராணுவம் ஊரில் நின்ற காலம் அது. மூன்று மாதம் பிந்தி, மாஸ்டரின் நீல ஏரோகிராம் ஒன்று வந்தது. என் முகவரியை அம்மாவிடம் நடந்துபோய் வாங்கினாராம். "உம்முடைய அண்ணர் போய்விட்டார். நீர் அங்கே தனியே இருப்பீர் என்று நினைத்தேன். அன்று உம்மை வாங்கில் ஏற்றியிருக்க வேண்டாம்."

அன்றிரவே பதில் எழுதத் தொடங்கினேன். இரண்டாம் வரியில் ஒரு 'ள' வந்தது. அது 'ழ'வோ என்று சந்தேகம். யாரிடமாவது கேட்டு எழுதலாம் என்று மடித்து வைத்தேன்.


இன்னும் மடித்தபடியே இருக்கிறது.