பூட்டிய வீட்டுக்குள் வீணை இருக்கிறதா, பாருங்கள்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் பாட்டுக்குப் பணம் கொடுக்க ஆள் பஞ்சமே கிடையாது. கும்பாபிஷேகம், அறுபதாம் சாந்தி என்று எது வந்தாலும் பெரிய வித்வான் வருவார், இரண்டு செட் நாதஸ்வரம் வரும், பொன்னாடை, ஃப்ளெக்ஸ், பந்தி எல்லாம் அமர்க்களப்படும். நானும் முதல் வரிசையில் போய் உட்காருகிறவன்தான். ஆனால் அதே தெருவில் வீணை கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு வீட்டில் சாதகம் பண்ண வீணை இல்லை. டீச்சர் வீட்டில் இருக்கும் ஒன்றில் முறைபோட்டு வாசித்துவிட்டு, அடுத்த வகுப்பு வரை ஆரம்பப் பாடமான சரளி வரிசையை வாயால் சொல்லிக்கொண்டு திரிகிறது. ஒரு வருடம் இப்படிப் போனால் எந்தப் பிள்ளையும் நின்றுவிடும்.

இத்தனைக்கும் ஊர் காரைக்குடி. சுப்பராமய்யர், சாம்பசிவய்யர் சகோதரர்கள் வாசித்த ஊர்; அண்ணன் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார், தம்பி மடியில் வைத்து. சாம்பசிவய்யர் பின்னால் கலாக்ஷேத்ராவுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். மிருதங்கத்துக்குக் காரைக்குடி மணி, வயலினுக்குப் பக்கத்துக் குன்றக்குடிக்காரர் வைத்தியநாதன். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் இசைக்கல்லூரி தொடங்கியது சிதம்பரத்தில், 1943-இல் தமிழ் இசைச் சங்கம் கண்டது சென்னையில். நல்ல காரியம்தான், தமிழ்நாட்டுக்கே பயன்பட்டது. ஆனால் இங்கே பள்ளத்தூரிலோ கோட்டையூரிலோ இருக்கிற பிள்ளைக்கு அரசு இசைப்பள்ளி என்றால் சிவகங்கைதான். படிக்கிற பிள்ளை தினம் பஸ் ஏறிப் போய் வர முடியுமா? ஆக, கதி பக்கத்துத் தெரு டீச்சர்தான்.

சரி, வீணைக்கு எங்கே போவது? புதிதாக வாங்கினால் பல்லாயிரம் ஆகும். நம் வீடுகளிலேயே தேடலாம் என்பதுதான் என் யோசனை. ஒரு காலத்தில் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் வாத்தியார் வைத்துக் கற்றுக்கொண்ட வீணைகள் பெட்டகசாலையிலும் மச்சிலும் துணி சுற்றிக் கிடக்கின்றன. எங்கள் அப்பத்தாவின் வீணை அப்படித்தான் கிடந்தது. சில வீணைகள் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய், அங்கிருந்து ஏதாவது ஹோட்டல் வரவேற்பறையில் அலங்காரத்துக்கு நிற்கின்றன. பார்த்தால் வயிறு எரிகிறது.

வீணையின் குடமும் அதன் நீண்ட கழுத்தான தண்டியும் விரிசல் விடாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. பலா மரம் லேசில் கெடாது. கெடுவது மெழுகு. தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிக்கிற இருபத்து நான்கு பித்தளை மெட்டுகளும் உட்கார்ந்திருப்பது மெழுகின் மேல்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் அது இளகி மெட்டுகள் நகர்ந்திருக்கும், சுருதி சேராது. தஞ்சாவூர்ப் பக்கம் வீணை செய்கிறவர்களிடம் கொடுத்து மேளம் கட்டி, அதாவது மெழுகில் மெட்டுகளைத் திரும்பப் பதித்து வாங்கி, தந்திகளை மாற்றினால் பிள்ளை வாசிக்கலாம். புது வீணை விலையில் ஒரு பகுதிதான் ஆகும்.

உண்மையான சிக்கல் வேறு. ஒரு ஆச்சியிடம் கேட்டேன். “எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, பிள்ளைகள் வாசிச்சா எனக்குச் சந்தோஷந்தான். ஆனா வீடு எட்டுப் புள்ளிக்குப் பாத்தியம், பங்காளிகளைக் கேக்காம நான் ஒரு கரண்டியைக்கூட வெளியே கொடுக்க முடியாதே” என்றார். நியாயம்தான். புள்ளி என்றால் எங்கள் கணக்கில் ஒரு குடும்பம்; எட்டுக் குடும்பத்துக்கும் அந்த வீட்டில் உரிமை. ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் மலேசியாவில், இன்னொருவரோடு பேச்சுவார்த்தையே இல்லை. அதனால்தான் தானமாக வேண்டாம், இரவலாகக் கொடுங்கள் என்கிறேன். எந்த வீட்டு வீணை, எந்தப் பிள்ளையிடம் இருக்கிறது, எப்போது திரும்பும் என்று ஒரு தாளில் எழுதிப் புள்ளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

இன்னொன்று. நாதஸ்வரம், தவில் கற்கிற பிள்ளைகள் பெரும்பாலும் வசதியில்லாத வீட்டிலிருந்து வருகிறார்கள். நாதஸ்வரத்தை ஒரு தடவை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது சுலபம். அதில் செருகி ஊதுகிற சீவாளி தேய்ந்துகொண்டே இருக்கும், தவிலுக்குத் தோல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு யாரும் மேடை போடுவதில்லை. டீச்சர் சம்பளமும் அப்படித்தான். ஒரு சாந்திக் கச்சேரியின் ஒலிபெருக்கிச் செலவை மாதாமாதம் பிரித்துக் கொடுத்தாலே ஒரு வகுப்பு வருடம் முழுக்க நடக்கும் என்று தோன்றுகிறது. உபயதாரர் பெயரைக் கல்லில் வெட்ட முடியாதுதான், நம்மவர்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம்!

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்குப் பூட்டிய வீட்டைத் திறக்கிறவர்கள் பெட்டகசாலையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வீணை, வயலின், தம்புரா எது இருந்தாலும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பங்காளிகளிடம் நீங்கள் பேசிவிட்டால் போதும், மேளம் கட்டுகிற செலவை நாங்கள் சில பேர் பார்த்துக்கொள்கிறோம்.