காலை மாத்திரைக்கு முன்பா, பின்பா: சிறுநீரக மாற்றுக்குப் பின் என் முதல் ஆண்டு

அம்மா கொடுத்த சிறுநீரகம் என் வலது அடிவயிற்றுக்குள் வந்து சென்ற மாதத்தோடு 14 மாதங்கள் நிறைந்தன. அறுவை சிகிச்சை மதுரையில் நடந்தது. செலவின் பெரும்பகுதியை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. சிறுநீரகத்தைப் பொருத்திய மேசையிலேயே சிறுநீர் பிரிந்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 9-ஐத் தாண்டியிருந்தது, ஐந்தாம் நாளில் 1.3-க்கு இறங்கியது. அம்மா ஆறாம் நாளும் நான் பன்னிரண்டாம் நாளும் கோவில்பட்டிக்குத் திரும்பினோம். அதுவரை எதிலும் குறையில்லை. என்னை அலைக்கழித்ததும், இன்றும் நினைத்தால் நெஞ்சு படபடப்பதும் அதற்குப் பிறகு தொடங்கிய தொடர் பரிசோதனைகள்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று பேர் மூன்று முறை சொன்ன அறிவுரை, புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸை 12 மணி நேர இடைவெளியில் நிமிடம் தவறாமல் விழுங்க வேண்டும் என்பது. காலை 8, இரவு 8 என்று கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டேன். முதல் மாதம் வாரம் இரண்டு முறை மதுரைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அதிகாலைப் பேருந்தில் ஏறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்து, வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது மணி அடிக்கும். பையிலிருந்து எடுத்து விழுங்குவேன். ஒன்பதரை மணிவாக்கில் ரத்தம் எடுப்பார்கள். கிரியாட்டினினுக்கும் சர்க்கரைக்கும் மட்டும் ரத்தம் எடுத்த நாட்களில் இதனால் தீங்கு ஏதும் நேரவில்லை. மூன்றாம் வாரம் டாக்ரோ லெவலுக்கும், அதாவது ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும், சேர்த்து எடுத்தார்கள். மாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று ரத்தம் எடுத்தவர் கேட்கவில்லை; சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

முடிவு 19 என்று வந்தது. முதல் மூன்று மாதங்களுக்கு எனக்கு விதித்திருந்த எல்லை 8 முதல் 12 வரை. அளவு மிகுந்தால் புதுச் சிறுநீரகத்தையே அந்த மருந்து நஞ்சாகத் தாக்கும் என்பதால், வேளைக்கு 3 மில்லிகிராமாக இருந்ததை 2 ஆகக் குறைத்தார்கள். பத்து நாட்களில் கிரியாட்டினின் 1.3-லிருந்து 1.7-க்கு ஏறியது. நிராகரிப்பாக இருக்கலாம், ஊசி செலுத்திச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை. அன்று பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "சென்ற முறை மாத்திரை போட்ட பிறகா ரத்தம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

அவர் விளக்கியது இதுதான். விழுங்கியபின் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். பார்க்க வேண்டியதோ, அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்பு, முந்தைய இரவு போட்டதில் மிச்சமிருக்கும் அடிமட்ட அளவு. நான் கொடுத்தது உச்சத்தின் ரத்தம். அதை அடிமட்ட அளவு என்று எண்ணி மருந்தைக் குறைத்துவிட்டார்கள். அவர் கேள்வி கேட்ட அன்று மாத்திரைக்கு முன்பு எடுத்திருந்த ரத்தத்தில் அளவு 5.1 மட்டுமே. 1954-இல் பாஸ்டனில் வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்று ஒரே கருவில் உருவான இரட்டையரிடையே நடந்ததால் அங்கே இத்தகைய மருந்தே தேவைப்படவில்லை என்றும், தாயே கொடுத்திருந்தாலும் என் உடலுக்கு அது வேற்று உறுப்புதான் என்றும் அவர் சொன்னார். பழைய அளவுக்கே திரும்பினேன். ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்தோம். இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் 1.4-க்கு வந்து நின்றது. ஊசிப் பரிசோதனை தேவைப்படவில்லை.

ஆகவே டாக்ரோ லெவல் நாளில் காலை மாத்திரையைப் பையிலேயே வைத்திருந்து, ரத்தம் கொடுத்த மறுகணம் விழுங்குங்கள். ஆய்வகம் திறக்க ஒன்பது மணி ஆகும் என்றால், எட்டு மணிக்காரர்கள் என்னைப் போல மருத்துவரிடம் கேட்டு நேரத்தை 9-க்கு 9 என்று நிலையாக மாற்றிக்கொள்ளலாம். நீங்களாக மாற்ற வேண்டாம். முந்தைய இரவு எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை ஆய்வகச் சீட்டின் மேல் எழுதிக் கொடுங்கள்; அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பயணத்தை மிச்சப்படுத்த எண்ணி நான்காம் மாதம் எங்கள் ஊர் ஆய்வகம் ஒன்றில் ரத்தம் கொடுத்தேன். அவர்கள் மஞ்சள் மூடிக் குழாயில் எடுத்து அனுப்பினார்கள். நான்காம் நாள், மாதிரி ஏற்கப்படவில்லை என்று தகவல் வந்தது. இந்த மருந்து பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள்தான் தங்கியிருக்கும்; ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிநீரைப் பிரித்துப் பார்த்தால் பயனில்லை. உறையாத முழு ரத்தம் வேண்டும், அதாவது ஊதா மூடிக் குழாய். இப்போது ஊசி ஏறுவதற்கு முன் மூடியின் நிறத்தைப் பார்த்துவிடுகிறேன்.

ஐந்தாம் மாதத்தில் நடந்ததைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. மருத்துவமனை மருந்தகத்தில் டாக்ரோலிமஸ் இருப்பு இல்லை என்றார்கள். எப்போது வரும் என்ற கேள்விக்கு, "நாளைக்கு வந்து பாருங்கள்" என்பதே விடை. மறுநாளும் சென்றேன், அதே முகம், அதே சொல். கையில் நான்கு வேளைக்கு மட்டுமே மருந்து இருந்தது. தொலைபேசியில் கேட்டுவிட்டு வர ஓர் எண்ணாவது தாருங்கள் என்று மன்றாடினேன்; அந்த வழக்கம் இல்லை என்று அங்கிருந்தவர் சன்னலை அடைத்துவிட்டார். மருந்து தவறினால் உறுப்பு ஆபத்துக்குள்ளாகக்கூடிய ஒருவனிடம் அப்படிப் பேசக் கூடாது என்பதை அங்கே அமர்பவர்களுக்கு யாரேனும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வெளியே ஒரு கடையில் சீட்டைக் காட்டி வாங்கினேன். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் அமர்ந்து அட்டையைப் புரட்டியபோது, மருந்தின் பெயரும் மில்லிகிராமும் சரியாக இருக்க, நாளுக்கு ஒரு முறை மட்டுமே போடும், மெதுவாகக் கரையும் வகை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் கண்டேன். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போடக்கூடியவை அல்ல. திரும்ப நடந்து கடைக்குச் சென்றபோது, "அதே மருந்துதான் சார்" என்றார் கடைக்காரர். மருத்துவமனையில் உறுப்பு மாற்றை ஒருங்கிணைக்கும் செவிலியருக்குத் தொலைபேசியில் அழைத்து, கடைக்காரரை அவரிடமே பேசச் செய்தேன். மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து பழைய காலி அட்டை ஒன்று என் பணப்பையில் இருக்கிறது. புதியதை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கடையை விட்டு இறங்குவதில்லை. நிறுவனம் மாறினாலும் மருத்துவரிடம் சொல்லி, அடுத்த வாரமே லெவல் பார்த்துக்கொள்கிறேன். பத்து நாள் மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

இருமலுக்காகச் சென்ற உள்ளூர் மருத்துவர் கிளாரித்ரோமைசின் எழுதிக்கொடுத்தபோதும் அந்தச் செவிலியருக்குத்தான் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அது டாக்ரோலிமஸின் அளவை மடமடவென்று உயர்த்திவிடும் என்று உடனே தடுத்து, சிறுநீரக மருத்துவரிடம் கேட்டு வேறு மருந்து சொன்னார்கள். தோலில் வரும் படைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலும் அப்படித்தான். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அளவைத் தலைகீழாகக் குறைத்துவிடும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் நேரடியாகவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். பக்கத்து வீட்டு அக்கா அன்போடு கொண்டுவந்த பம்பளிமாஸைக்கூட நான் தொடவில்லை. அதுவும் மருந்தின் அளவைக் கூட்டக் கூடியது. வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு ஏறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனவே பேதி நிற்கட்டும் என்று வீட்டில் இருந்துவிடாமல் அன்றே அழையுங்கள்.

 

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வராது. எனக்கு வாரம் இரு முறை ரத்தம் பார்த்தவர்கள், 58 வயதில் ஒரு சிறுநீரகத்தைக் கழற்றிக் கொடுத்தவரை, தையல் பிரித்த நாளுக்குப் பிறகு ஒரு முறைகூட அழைக்கவில்லை. கொடுத்தவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று அறிந்து, ஆறாம் மாதம் அவரையும் மதுரைக்கு அழைத்துச் சென்றேன். பதிவுச் சன்னலில் இருந்தவர், "அவங்க நோயாளி இல்லையே, எதுக்குச் சீட்டு?" என்றார். நான் வலியுறுத்தியதும் அம்மாவின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் கேட்டார். எங்களிடம் என்னுடையது மட்டுமே இருந்தது. அம்மாவுடையதைக் காப்பீட்டுக் கோப்போடு சேர்த்து அனுப்பிவிட்டதாகப் பின்னர் தெரிந்தது. பரிசோதனை எதுவும் செய்யாமலே திரும்பினோம். பேருந்தில், "எனக்கென்னய்யா, நான் நல்லாத்தான இருக்கேன். உன் வேலையப் பாரு" என்று அம்மா சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

நகல் பெற இன்னும் இரண்டு பயணங்கள் தேவைப்பட்டன. இந்தப் பாதையில் இப்போது அடியெடுத்து வைக்கும் குடும்பங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே கொடுத்தவரின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைத் தனியாகக் கேட்டு வாங்கி, மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் மாதம் ஒருவழியாகப் பரிசோதித்தார்கள். அம்மாவின் கிரியாட்டினின் 1.0, சிறுநீரில் புரதம் இல்லை. ஆனால் ரத்த அழுத்தம் 152/94 என்று இருந்தது. ஒரு வாரம் வீட்டிலும் அளந்து எழுதி வரச் சொன்னார்கள், அதுவும் இறங்கவில்லை. மாத்திரை தொடங்கப்பட்டது. அவருக்குத் தலைவலியோ மயக்கமோ எதுவும் இருந்ததில்லை. பார்க்காமல் விட்டிருந்தால் மீதமுள்ள ஒற்றைச் சிறுநீரகத்தை அது சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும்.

சென்ற வாரம் என் கிரியாட்டினின் 1.3, டாக்ரோ லெவல் 6.4, ஓராண்டு கடந்தவனுக்கு இது போதும் என்றார் மருத்துவர். அம்மாவின் அழுத்தம் 128/80. அம்மாவின் பெயரில் இப்போது அங்கே தனிக் கோப்பு இருக்கிறது, அதன் எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு இருவருக்கும் ஒரே நாளைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.