காலிக் கோட்டை: மதில் மேலும் உள்ளும்

பிப்ரவரி 10, 2025, திங்கள்

கொழும்பு கோட்டை நிலையத்தில் காலை ரயில் ஏறி மதியத்துக்குள் இலங்கையின் தென்மேற்குக் கரையிலிருக்கும் காலி நகரத்துக்கு வந்தாயிற்று. இந்த வழியில் வருகிறவர்கள் வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள், பாதி தூரம் கடல் கூடவே வருகிறது, சில இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் கொட்டி வைத்த பாறைகள் மட்டும்தான்.

நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். போகும்போது முதலில் வருவது கிரிக்கெட் மைதானம், அதற்குப் பின்னால்தான் கறுத்துப்போன மதில். நேற்றுதான் இங்கே டெஸ்ட் முடிந்திருக்கிறது. ஆஸ்திரேலியா நான்காம் நாளே 9 விக்கெட்டில் ஜெயித்துவிட்டது, இலங்கை வீரர் திமுத் கருணாரத்னவுக்கு அது நூறாவது டெஸ்ட், கடைசி டெஸ்டும் கூட. முரளி 2010 ஜூலை 22 அன்று ஓஜாவை வீழ்த்தி 800 விக்கெட்டைத் தொட்டதும் இதே புல்லில்தான். மதில் மேல் நின்றால் ஆடுகளம் முழுசாகத் தெரிகிறது. கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், அதையே கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன்.

இந்த வடக்குப் பக்கச் சுவர்தான் கோட்டையிலேயே பெரியது. நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்று மூன்று கொத்தளங்கள் ஊரைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. கடற்கரைக் கோட்டை என்றால் பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்துத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் காலி ஒரு மூக்கு போலக் கடலுக்குள் நீண்ட நிலம், மூன்று பக்கம் தண்ணீர், அதிலும் நிறையப் பாறை. தரை வழியாக வருகிறவனை மறிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் முதலில் அடைத்தார்கள். 1588-இல் போர்த்துகீசியர் ஆரம்பித்தது, 1640-இல் டச்சுக்காரர்கள் பிடித்தபின் கல்லால் பெரிதாக்கிக் கட்டியது. வெளியில் நின்று ஒரு தடவை, மேலே ஏறி ஒரு தடவை பாருங்கள், அந்தக் கனம் அப்போதுதான் புரியும்.

இப்போது எல்லோரும் நுழைகிற பெரிய வாசல் 1873-இல் ஆங்கிலேயர் உடைத்துத் திறந்தது. சந்திரக் கொத்தளத்தின் மேல் நிற்கும் மணிக்கூண்டு 1883-ஆம் ஆண்டுடையது, அந்தோனிஸ் என்ற ஊர் மருத்துவரின் நினைவாக எழுப்பியது. கடிகாரத்தைக் கொடுத்தவர் அவரிடம் வைத்தியம் பார்த்துக் குணமான ஒருவராம். எனக்கு இது பிடித்திருந்தது, ராஜாவுக்கும் கவர்னருக்கும் எழுப்பாத ஒரு கூண்டு.

சாயங்காலம் தெருவிளக்கெல்லாம் அணைந்துவிட்டது. நேற்று ஒரு துணை மின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்து, நாடு முழுக்க மின்சாரம் போய், இன்று ஏரியா ஏரியாவாக ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு. விடுதிக்காரர் மெழுகுவத்தியை நீட்டிக்கொண்டே அந்தக் குரங்கின் கதையைச் சொன்னார். நாளைக்கும் வெட்டு உண்டாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று தைப்பூசம். வீட்டிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன, நான் இங்கே டச்சுக் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் முதல் வேலையாகப் பழைய வாசல். 1873 வரை உள்ளே வர இதுதான் வழி. துறைமுகப் பக்கம் இருக்கிற நீளமான கிடங்குக் கட்டடத்துக்கு நடுவில் ஒரு குகை மாதிரிப் போகிறது, அந்தக் காலத்தில் லவங்கப்பட்டை மூட்டைகள் கிடந்த கிடங்கு. வெளிப்பக்கம் பிரிட்டிஷ் சின்னம். உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால் டச்சுக் கம்பெனியின் எழுத்துகள், இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்று ஆண்டு. 1796-இல் ஆங்கிலேயர் வந்து வெளிச்சுவரை மட்டும் தங்களுக்கு எடுத்துக்கொண்டு உள்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். மெனக்கெடவில்லையோ என்னவோ.

டச்சு தேவாலயம் 1755-ஐச் சேர்ந்தது. தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், சிலவற்றில் மண்டையோடு செதுக்கியிருக்கிறது. அதன் மேல்தான் நடக்க வேண்டும். எனக்குக் கால் கூசியது, ஓரமாகவே போனேன்.

அப்புறம் வெறுமனே தெருக்கள். கோட்டை மொத்தமே 36 ஹெக்டேர்தான், தொலைந்துபோகவே முடியாது, எந்தத் தெருவில் போனாலும் கடைசியில் மதில் வந்து நிற்கும். பாதி வீடுகள் காபிக் கடையும் ரத்தினக் கடையுமாக ஆகிவிட்டன, உண்மையைச் சொன்னால் நடுத்தெருக்கள் எனக்குச் சலித்துப்போயின, எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளைச் சுவர், ஒரே மாதிரிப் பூந்தொட்டி. ஆனால் வழக்கறிஞர் பலகைகள் தொங்கும் பக்கமும், பள்ளிவிட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் பக்கமும் போனால் இது இன்னும் ஆட்கள் குடியிருக்கும் ஊர் என்று தெரிகிறது. ஓரிடத்தில் பரவர் தெரு என்றே பெயர்ப்பலகை. நம் முத்துக்குளித்துறைக்காரர்கள் பெயரை இங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே மீரான் பள்ளிவாசல், 1904. இரண்டு கோபுரத்தோடு பார்ப்பதற்கு அச்சு அசல் கிறிஸ்தவக் கோயில். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, “இந்தியாவா தம்பி? எந்த ஊர்?” என்றார். சொன்னேன். நாகூருக்கு ஒரு தடவை வந்திருக்கிறாராம். “நாங்க வீட்டுல தமிழ்தான், வெளிய சிங்களம். வெயில் ஏறுது, நிழல்ல வந்து இரிங்க,” என்று பக்கத்தில் இடம் காட்டினார். அரை மணி நேரம் பேசியிருப்போம், பெரும்பாலும் மீன் விலை பற்றி.

பிப்ரவரி 12, புதன்

நவம் போயா. பௌர்ணமி விடுமுறை, அதனால் மின்வெட்டு இல்லை, சாராயக் கடையும் இல்லை. வெள்ளை உடையில் குடும்பம் குடும்பமாக மதில் மேல் ஏறிவிட்டார்கள். மேற்குப் பக்கம் புல்லில் குடையை விரித்து அதற்குள் காதலர்கள், பக்கத்திலேயே பட்டம் விடுகிற பிள்ளைகள். கொடிப்பாறைக் கொத்தளத்திலிருந்து சில பையன்கள் காசு வாங்கிக்கொண்டு கீழே கடலில் குதித்துக் காட்டுகிறார்கள். கீழே பாறைகளுக்கு நடுவே தெரிகிற தண்ணீர் ரொம்பக் குறுகல், என்னால் பார்க்க முடியவில்லை, நகர்ந்துவிட்டேன்.

வரும் வழியில் கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்த்த கல் இன்று முழுக்க மனதில் ஓடியது. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1409 என்று தேதியிட்டது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டியது. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தெவிநுவரக் கோயிலில் இருந்த தெய்வமான தேனாவரை நாயனாருக்கு. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று பட்டியல் போகிறது, மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு! அந்தக் கல் 1911-இல் கிடைத்தது இந்தக் காலியில்தான், ஒரு சாக்கடைப் பாலத்தில் பலகைக் கல்லாகக் கிடந்ததாம். போர்த்துகீசியர் வருவதற்குக் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்தத் துறைமுகத்தில் காரியம் நடக்க வேண்டுமானால் தமிழிலும் எழுதியாக வேண்டும் என்று ஒரு சீனனுக்குத் தெரிந்திருக்கிறது. மதிலைச் சுற்றிப் பதித்திருக்கும் விளக்கப் பலகைகளில் நான் படித்தவரை எல்லாம் ஐரோப்பியக் கதைதான்.

பிப்ரவரி 13, வியாழன்

விடியற்காலையில் கிழக்குப் பக்கம், கூட்டமே இல்லை. விடுதிக்காரர் நேற்றிரவு சொன்னது: டச்சுக்காரர்கள் தெருக்களுக்கு அடியில் செங்கல் கால்வாய் வெட்டி, கடல் ஏறி இறங்கும்போது கழிவு தானாக அலசிப் போகும்படி வைத்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றியும் கேட்டேன். வெளியே பேருந்து நிலையமும் மைதானமும் நொறுங்கின, மைதானத்தில் மறுபடி டெஸ்ட் ஆட 2007 டிசம்பர் ஆயிற்று. கோட்டைக்குள் பெரிய சேதம் இல்லை, மதில் தாங்கிவிட்டது. அவருடைய தங்கை வீடு வெளியே இருந்தது என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நாளை மாத்தறைப் பேருந்து, அங்கிருந்து தெவிநுவர. தேனாவரை நாயனார் இருந்த கோயிலைப் போர்த்துகீசியர் இடித்துவிட்டார்கள், அந்த ஊரையாவது பார்த்துவிட்டு வருகிறேன். பேருந்தில் கடல் பக்கம் இடம் கிடைத்தால் சரி.