எடை ஏறட்டும் என்று காத்திருந்தோம்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் தங்கை தன் மகளுக்குப் பால் புகட்டுவதைப் பார்த்த உறவினர்கள், "ஓட்டைதானே, வளர வளரத் தானா மூடிக்கிரும்" என்றே சொன்னார்கள். அது பொய்யல்ல, இருதயத்தின் கீழறைகளுக்கு இடைப்பட்ட சுவரிலுள்ள சிறு துவாரங்களில் பல, முதல் சில ஆண்டுகளில் தாமாகவே மூடிக்கொள்கின்றன. இவளுக்கோ பெரிய துவாரம். நான்கு வாய் குடிப்பதற்குள் நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, களைத்துத் தூங்கிவிடுவாள். நான்கு மாதம் முடிந்தும் 4 கிலோவை எட்டவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர், எடை கூடிய பிறகு அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்றார். மதுரையில் எக்கோ (ஒலியலைகளால் இருதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) எடுத்த குழந்தை இருதய நிபுணர் அதை மறுத்தார். இடது கீழறையிலிருந்து துவாரத்தின் வழியே வலப்புறம் பாயும் இரத்தம் நுரையீரலில் மிகுந்துவிடுவதால், குடிக்கிற பாலின் சக்தியெல்லாம் மூச்சு விடுவதற்கே செலவாகிறது என்றும், மருந்துக்கும் எடை ஏறாத நிலையில் துவாரத்தை அடைத்தால்தான் ஏறும் என்றும் விளக்கினார். நாளைக் கடத்தினால் நுரையீரல் இரத்தக் குழாய்களின் அழுத்தம் நிரந்தரமாக உயர்ந்து, பின்னர் துவாரத்தை மூடுவதே ஆபத்தாகிவிடுமாம்.

தொடை வழியாகக் குழாய் செலுத்தி அடைக்க முடியாதா என்று கேட்டேன். மேலறைச் சுவர்த் துவாரங்கள் பலவற்றுக்கும், இருதயத்திலிருந்து கிளம்பும் இரு பெருந்தமனிகளை இணைத்தபடி பிறந்தபின்னும் மூடாமல் நின்றுவிட்ட நாளத்துக்கும் அம்முறை பொருந்தும். இவளுடைய துவாரம் வால்வை ஒட்டி இருந்தது, இரத்தக் குழாய்களும் மிகச் சிறியவை. ஆகவே மார்பெலும்பைத் திறந்து, இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் அந்நேரம் ஏற்றுச் செய்யும் இருதய நுரையீரல் கருவியின் துணையோடு ஒட்டு வைத்துத் தைத்தார்கள். 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை என்ற அறுவை மருத்துவர் இதே குறையைச் சரிசெய்தபோது அத்தகைய கருவிக்குப் பதிலாகக் குழந்தையின் இரத்த ஓட்டத்தைத் தந்தையின் உடலோடு இணைத்தார் என்று படித்துச் சொன்னேன். மாப்பிள்ளை பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

வேறு பிறவி இருதயக் குறைகளால் உடல் நீலம் பாய்கிற குழந்தைகளின் கணக்கு வேறு. பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள்ளேயே மாற்றி இணைக்க வேண்டும். ஒரு கீழறை மட்டுமே ஒழுங்காக வளர்ந்திருந்தால் சில ஆண்டுகளில் கட்டங்கட்டமாக அறுவை செய்வார்கள். செலவை நினைத்துத் தயங்குவோர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம்.

இப்போது தங்கை மகளுக்குப் பால் குடிக்கையில் வியர்ப்பதில்லை. மார்பெலும்பு கூடும்வரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது என்பதால், வளவில் யார் கை நீட்டினாலும் என் அம்மா, "அடியில கை கொடுத்து ஏந்துங்க" என்று அதட்டிக்கொண்டிருக்கிறார்.