தூரத்தில் வருவது யார்

கார்ட்டூன் வரைகிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது, "சரி தம்பி, அது தெரியும், வேலை என்ன செய்யிறீர்?" என்றுதான். ஒன்பது வருசமாக இதுதான் வேலை. வெளிநாட்டில் அச்சாகிற சிறுவர் கதைப் புத்தகங்களுக்குப் படம், இடைக்கிடை ஏதாவது கடைக்கு ஒரு சின்னம், கலியாண அழைப்பிதழுக்கு மாப்பிள்ளை பொம்பிளையைக் கார்ட்டூனாக்கித் தரச் சொல்லி வருகிற ஓடர்கள். கடைசியில் சொன்னதில்தான் சண்டை அதிகம், தன் மூக்கு எவருக்கும் பிடிப்பதில்லை. வீடு கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில், வயலை ஒட்டி.

ஐடியா எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார்கள். எனக்கு ஆட்களின் நடையிலிருந்து வருகிறது. வயல்வெளியில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். படலையில் நின்றால் வரம்பில் அரை மைல் தள்ளி ஒரு புள்ளி அசையும், முகம் தெரிய இன்னும் கால் மணித்தியாலம் இருக்கும், அம்மம்மா அதற்குள் ஆளைச் சொல்லிவிடுவா. ஒரு தோளை இறக்கி நடந்தால் இன்னார், சைக்கிள் மிதிக்கும்போது முழங்கால் வெளியே விரிந்தால் சங்கக்கடை மனேச்சர், சைக்கிள் இருந்தும் உருட்டிக்கொண்டே வந்தால் காசு கேட்க வருகிறவர். கடைசி ஆளுக்கு மட்டும் அவ உள்ளே போய்விடுவா.

பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தபோது, ஒரு பாத்திரத்தை உருவாக்கினால் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பார், அப்போதும் அது யாரென்று தெரிந்தால்தான் அது பாத்திரம் என்று இணையப் பாடங்களில் பெரிய ரகசியம் மாதிரிச் சொன்னார்கள். சிரிப்பு வந்தது. அம்மம்மா அதைப் படலையடியில் இருந்துகொண்டே செய்தவ.

வரிசைகளும் எனக்குப் பள்ளிக்கூடம்தான். 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் எனக்குப் பன்னிரண்டு வயது, தண்ணீர் பவுசருக்கு நிற்கிறவர்களைக் கொப்பியின் பின்மட்டையில் வரைவேன். வெறும் கலனோடு நிற்கிற உடம்பும் நிரம்பின கலனோடு திரும்புகிற உடம்பும் இரண்டு வேறு ஆட்கள். அந்தக் கொப்பி இப்போது இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபோது கை தானாகவே மறுபடி அதைத் தொடங்கியது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், என் லப்டொப் பற்றரி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது, அதனால் திரும்பவும் பென்சிலும் பேப்பரும். உண்மையைச் சொன்னால் என் கோடு திருந்தினது அந்த மாதங்களில்தான். கொம்பியூட்டரில் பிழையான கோட்டை அழிக்க ஒரு விசை போதும், அதனால் யோசிக்காமல் இழுப்போம். பேப்பரில் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் கை ஒரு கணம் நிற்கும்.

இன்னொரு கடன், மாமாவின் தகரப் பெட்டிக்குள் கிடந்த அட்டை கிழிந்த 'சிரித்திரன்' இதழ்கள். சிவஞானசுந்தரம், சுந்தர் என்ற பெயரில் வரைந்தவர், 1960களில் தொடங்கிய பத்திரிகை. அவருடைய கார்ட்டூன் பாத்திரமான சவாரித்தம்பரைப் பார்த்த பிறகுதான், கார்ட்டூனில் வருகிறவன் எங்கள் ஒழுங்கையால் போகிற ஆளாகவும் இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. அதுவரை நான் வரைந்த பொடியன்கள் எல்லோரும் சப்பாத்துப் போட்டிருந்தார்கள்.

வேலை செய்கிற விதம் பெரிய வித்தை இல்லை. கதை வந்ததும் இரண்டு நாள் ஒன்றும் வரைய மாட்டேன். பிறகு கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் முத்திரை அளவில் இருபது முப்பது கிறுக்கல். அதில் தேறுகிற நாலைந்தைப் போனில் படம் எடுத்து லப்டொப்பில் கிரீட்டாவில் திறப்பேன், அந்த மென்பொருள் இலவசம், எனக்கு அது போதும். உருவத்தைக் கறுப்பால் நிரப்பி, போனுக்கு அனுப்பி, போனைக் கிணற்றுக் கட்டில் சாய்த்து வைத்துவிட்டு அம்மாவைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, "உது என்ன?" என்று கேட்பேன். அம்மாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். அதனாலேயே என்னிடம் இருக்கிற எடிட்டர்களில் அவதான் திறம்.

நிறம் கடைசியில்தான். மார்கழியில் காலபோக நெல் நிற்கிற பச்சை இருக்கிறதே, அதைத் திரையில் கொண்டுவந்துவிடலாம், அச்சு மையில் வராது, சோர்ந்து போன கீரை மாதிரி ஆகிவிடும். முதல் புத்தகம் கையில் வந்தபோது அழுகையே வந்தது. இப்போது தொடக்கத்திலேயே கொஞ்சம் மஞ்சளைத் தூக்கி வைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன்.

ஒருமுறை இலங்கைக் காட்டில் நடக்கிற கதை ஒன்று வந்தது. யானைக் கூட்டம் வரைந்து அனுப்பினேன். தந்தம் எங்கே என்று கேட்டார்கள். இங்கே ஆண் யானைகளிலேயே நூற்றுக்குப் பத்துக்குக்கூடக் கொம்பு கிடையாது, பெரும்பாலும் கொம்பில்லாத அலியன்தான், பெண் யானைக்கு வெளியே தெரிகிற தந்தமே இல்லை என்று எழுதினேன். பிள்ளைகளுக்கு யானையென்று தெரிய வேண்டாமா என்று பதில் வந்தது. தும்பிக்கை போதாதாம்! மூன்று முறை திருத்தம், கடைசியில் ஒரேயொரு கொம்பன், மற்றவை இருந்தபடியே. அந்த வேலைக்கு மிச்சக் காசு இன்னும் வரவில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிய வருசம் அது, வந்திருந்தால் ஒரு நல்ல கதிரை வாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு பாதிக் காசு பயோனியரில், அதாவது வெளிநாட்டுக் காசு வாங்குகிற இணையக் கணக்கில், விழாமல் பென்சிலைத் தொடுவதில்லை.

இப்போது கையில் இருப்பது ஒரு ஆட்டுக்குட்டிக் கதை, 32 பக்கம். நேற்றுக் கிணற்றடியில் அம்மா நாய் என்றா. காதைக் கீழே தொங்கவிட்டேன், அப்பவும் நாய்தானாம். தூக்கி நிமிர்த்தினேன், முயல் என்றா. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். பக்கத்து வளவில் ஒரு தாயும் இரண்டு குட்டிகளும் கட்டியிருக்கிறார்கள், விடிய எழும்பி அங்கே போய்க் குந்தியிருக்கப் போகிறேன்.