உருகுநிலை சொல்லாமல் விட்டது

மணல் 5 கிராம், உப்பு 5 கிராம், பென்சாயிக் அமிலம் 5 கிராம். நானே கலந்து நானே பிரிப்பது என்று போன வாரம் உட்கார்ந்தேன். பிரிப்பது என்னவோ ஒரு நாள் வேலைதான். பிரித்தது சுத்தமா என்று பார்ப்பதில்தான் மீதி வாரம் போனது.

பென்சாயிக் அமிலத்தை எடுத்ததற்குக் காரணம் அதன் கரைதிறன். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 3.4 கிராம் கரையும். 100 டிகிரியில் 56 கிராம். உப்புக்குச் சூடு, குளிர் என்ற பேதம் அதிகம் இல்லை. அறை வெப்பநிலையில் 100 மில்லிக்கு 36 கிராம், கொதித்தாலும் 39தான். ஆக, கொதிநீரில் கரைத்துச் சூட்டோடு வடிகட்டினால் மணல் தாளில் தங்கும். ஆறவிட்டால் அமிலம் படிகமாகும், உப்பு நீரிலேயே நிற்கும்.

முதல் தடவை சொதப்பல். கண்ணாடிப் புனலின் காம்பு குளிர்ந்திருந்ததால் அமிலம் அதற்குள்ளேயே படிகமாகி அடைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் வழித்து மறுபடி பீக்கரில் போட்டேன். அடுத்த தடவை 200 மில்லி தண்ணீர், காம்பில்லாத புனல். அதையும் ஆவியில் காட்டிச் சூடாக்கி, வடிதாளை விசிறி மடிப்பாக மடித்து ஊற்றினேன். கடகடவென்று இறங்கியது. ஆற ஆறப் பளபளவென்று செதில்கள் மிதந்தன. இந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை செய்யலாம்.

பீக்கரை ஐஸில் வைத்து வடிகட்டினேன். படிகங்களில் பாதியை ஐஸ் நீரில் கழுவினேன். ஒப்பிட்டுப் பார்க்க மீதியைக் கழுவாமல் வைத்தேன். மொத்த எடை 6.1 கிராம். போட்டதே 5 கிராம்தான்! ஈரம், வேறென்ன.

அந்த ஈரத்தோடேயே பொறுமையில்லாமல் கொஞ்சத்தைத் தந்துகிக் குழாயில் (மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்) அடைத்து, எண்ணெய் ஊற்றிய பீக்கரில் வெப்பமானியோடு கட்டித் தொங்கவிட்டேன். 114-இல் இளகத் தொடங்கி 119-இல்தான் முழுதும் உருகியது. சுத்தமான பென்சாயிக் அமிலம் 122-ஐ ஒட்டி உருக வேண்டும். மாசு இருந்தால் பொதுவாக அதற்கு முன்பே இளகும். இரண்டு நாள் உலர்த்திய பிறகு, கடைசிப் பத்து டிகிரியை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வேகத்தில் ஏற்றினேன்: 121 முதல் 122. எடை இப்போது 4.4 கிராம். ஐஸ் நீரிலும் லிட்டருக்கு 1.7 கிராம் கரையும் என்பதால் 0.3 கிராம் வடிநீரோடு போயிருக்கும். மீதி தாளிலும் பீக்கர் ஓரத்திலும் ஒட்டியிருக்கும்.

கழுவாத பாதியையும் சோதித்தேன். அதுவும் 121 முதல் 122! உப்புநீர் ஒட்டியிருந்த படிகம் எப்படித் தேறியது? சந்தேகம் தீர, சுத்தமானதில் வேண்டுமென்றே உப்பை அரைத்துக் கலந்து பார்த்தேன். அமிலம் அதே 122-இல் உருகியது. உப்புத் துகள் அடியில் சும்மா கிடந்தது. அப்புறம்தான் உறைத்தது: உருகிய அமிலத்தில் கரைகிற மாசுதான் உருகுநிலையைக் குறைக்கும். உப்பு அதில் கரைவதில்லை. மணல் இருந்திருந்தாலும் இதே கதைதான். மாறாக, ஒரு சிட்டிகை சாலிசிலிக் அமிலம் சேர்த்தபோது பல டிகிரி முன்பே ஓரங்கள் நனைந்தாற்போல் ஆயின. இத்தனைக்கும் சாலிசிலிக் அமிலம் தனியாக உருகுவது 159-ஐ ஒட்டி.

சரி, உப்பை எப்படிப் பிடிப்பது? பழைய எஃகுக் கரண்டி ஒன்றைச் சூடாக்கினேன். பென்சாயிக் அமிலம் முழுக்க ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. கழுவிய படிகம் கரண்டியில் எதையும் விடவில்லை. கழுவாதது மெல்லிய வெள்ளைக் கறையை விட்டது. (இதை ஜன்னலைத் திறந்து, தள்ளி நின்றுதான் செய்ய வேண்டும். ஆவி தொண்டையைப் பிடித்து இருமல் வரும்.)

அந்த இருமலே அடுத்த சோதனைக்கு உதவியது. வடிநீரை வற்றவைத்து எடுத்த உப்பு பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. ஒரு சிட்டிகையைக் கரண்டியில் சூடாக்கியதும் அதே நெடி. காணாமல் போன 0.3 கிராமில் ஒரு பங்கு இதில்தான் இருக்கிறது. பென்சாயிக் அமிலம் எத்தனாலில் நன்றாகக் கரையும், உப்பு அனேகமாகக் கரையாது. அடுப்புப் பக்கமே போகாமல், குளிர்ந்த எத்தனாலில் அந்த உப்பை அலசி உலர்த்த வைத்திருக்கிறேன். நாளைக்கு மறுபடி கரண்டிச் சோதனை.